பன்னிரண்டாம் நிலம்

எருக்கம்பட்டி மானாவாரி நிலையம்
2089 செப்டம்பர் 18, காலை 6.10
மழை: 0. வெப்பம்: 39. ஒரு அடி ஆழத்துல ஈரம்: 4 சதவீதம்.

பொதுநிலத்து ஈரமானி இருபத்துநாலும் வேலை செய்யுது. சூரியத் தகட்டுல தூசி தட்டியாச்சு. ஆமையோட மின்கலம் 71 சதவீதம். ஆமைன்னா மெழுகு தெளிக்கிற வண்டி. மணிக்கு மூணு கிலோமீட்டர் போகும், அதனால ஊர்க்காரங்க வச்ச பேர்.

இன்னைக்குப் புது நோட்டு ஆரம்பிக்கிறேன். இதை யார் எடுத்துப் படிச்சாலும் விவரம் புரியணும்னு ஒருதடவை எழுதிடறேன். நான் செண்பகக்கனி, மண்-நீர் ஆய்வாளர். நிலையத்துல நான் ஒருத்திதான். ஆறு கிலோமீட்டர் தள்ளி எருக்கம்பட்டி. அங்க அறுபத்தொரு பேர் மிச்சம். ரேடியோவுல பேசிக்குவோம்.

வேலை இதுதான். இந்தக் கரிசல்ல இப்ப வருஷத்துக்கு ரெண்டு மழை பெஞ்சா அதிசயம். அது பயிருக்குப் பத்தாது. அதனால ஊரை ஒட்டின மேட்டுல பன்னிரண்டு நிலத்தை மொட்டையா விட்டு, மெழுகு தெளிச்சு ஓடு மாதிரி இறுக்கி வச்சிருக்கேன். அதுல விழுற மழை ஒரு சொட்டு உள்ள போகாம வழிஞ்சு, கீழ இருக்கிற முப்பது ஏக்கர் பொதுநிலத்துக்கு வந்து சேரும். முப்பது மில்லி பெஞ்சா பயிருக்கு அறுபது கிடைக்கும். அந்தக் கம்பு விளைஞ்சாத்தான் மார்கழியில இருந்து ஊருக்குச் சோறு.

எந்தப் பன்னிரண்டுன்னு கேட்டா, பதினொண்ணு போன வருஷ வெக்கையில செத்தவங்களோடது. உயிரோட இருக்கிறவன்கிட்ட போய் உன் நிலத்தை மொட்டையா விடுன்னா அரிவாளைத் தூக்குவான். செத்தவங்க நிலத்துக்குச் சண்டை போட யாரும் வரல. பன்னிரண்டாவது என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியோடது. அவர் ஊர்லயே தங்கி விவசாயம் பாத்தார், ஊர்க்காரங்க பிரியமா முக்கால் ஏக்கர் குடுத்தாங்க. சின்ன நிலந்தான், ஆனா கழுத்து மாதிரி. மத்த பதினொண்ணோட தண்ணியும் அது வழியாத்தான் கீழ இறங்கணும். இந்தச் சித்திரையில அதைத் தானே மெழுகிட்டு இருக்கும்போது வெயில் அடிச்சு விழுந்தார். ஊர்லதான் புதைச்சோம்.

செப்டம்பர் 29, காலை 7.00
மழை: 0. வெப்பம்: 40.

புழுதி விதைப்பு முடிஞ்சது. மழைக்கு முன்னாடியே காஞ்ச புழுதியில கம்பைப் போட்டு மூடிட்டு வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். முழுச் சூதாட்டம். வேற வழி இல்ல.

ஊர்த் தலைவர் பூவலிங்கம் அண்ணாச்சி ரேடியோவுல:

"தாயி, ஒங்க மிசினு சொன்ன மழைத் தேதியும் பஞ்சாங்கத்துத் தேதியும் இந்த வருசம் ஒண்ணாச் சேந்துருக்கு. ஒண்ணு பொய்யின்னா ரெண்டும் பொய்யி. பாத்துக்கோங்க."

கொழுப்பு. விதை ஏன் பதினெட்டுக் கிலோ குறையுதுன்னு கேட்டேன். எலின்னார். எலிக்குக்கூட இந்த வருஷம் நல்ல சாப்பாடு.

அக்டோபர் 9, மாலை 4.35
மழை: 26! வெப்பம்: 31!

பெஞ்சிருச்சு! வாசல்ல நின்னு முழுசா நனைஞ்சேன், ஐம்பத்திரண்டு வயசுக்காரி. ரேடியோவுல பூவலிங்கம் அண்ணாச்சி பேசல, சிரிச்சுக்கிட்டே இருந்தார். பின்னால யாரோ தகரத்தைத் தட்டிக்கிட்டு ஆடற சத்தம்.

மாலை 6.00. பொதுநிலத்துல ஐம்பதைத் தொட்டிருக்கணும். ஈரமானி எல்லாம் இருபத்தாறு மாதிரிதான் காட்டுது. கழுத்துல வச்ச ஓட்டமானி கிட்டத்தட்ட சும்மா கிடக்கு. மேட்டுத் தண்ணி எங்க போச்சு?

அக்டோபர் 14, காலை 9.20
மழை: 0. வெப்பம்: 36.

நாலு நாள் ஓட்டமானியைத்தான் குறை சொல்லிட்டு இருந்தேன். இன்னைக்கு ஆமையை மேட்டுக்கு அனுப்பினேன். கேமராவுல பாத்ததை அப்படியே எழுதறேன்.

பன்னிரண்டு நிலத்துலயும் மெழுகை மம்பட்டியால வெட்டி உடைச்சிருக்காங்க. உழுதிருக்காங்க. கம்பு விதைச்சிருக்காங்க. விரல் உயரத்துக்குப் பச்சை. எலியாம் எலி!

ஒரு வருஷ உழைப்பு. ஒரு ஆள் உயிர் போச்சு அந்த மெழுகுக்கு.

அக்டோபர் 14, பகல் 11.00

பூவலிங்கம் அண்ணாச்சி:

"தாயி, கோவப்படாதீக. செத்தவுக நிலம் தரிசாக் கெடக்கக் கூடாது. அவுக பேருக்கு ஒரு கை வெத விழணும். வெளஞ்சத அவுக வீட்டு ஆளுதான் திங்கணும். அப்பத்தான் அவுக பசி ஆறும். ஒங்ககிட்ட கேட்டா விடமாட்டீகன்னுதான் சொல்லல."

எங்க ஊர்ப்பக்கம் சுடுகாட்டுல நவதானியம் தெளிக்கிறதோட சரி. இது எனக்குத் தெரியாது. தங்கப்பாண்டிக்குத் தெரிஞ்சிருக்கும், ஊர்ல இருந்தது அவர். இந்த நிலங்களை நான் எடுத்தப்ப ஒருவார்த்தை விசாரிச்சிருக்கலாம். சண்டை வரலைன்னு சந்தோஷமா இருந்துட்டேன்.

ஆனா நான் குடுத்த பதில் இது:

"அண்ணாச்சி, செத்த பன்னிரண்டு பேர் பசி ஆறணும்னா உயிரோட இருக்கிற அறுபத்தொரு பேரும் அவங்களோட போய்ச் சேரணும். சம்மதமா? நிவாரண லாரி மாசிக்கு முன்னால வராதுன்னு நிவாரண மையத்துல கைவிரிச்சுட்டாங்க. அடுத்த மழையும் இப்படி வீணாப் போனா கம்பு பூவுலயே கருகும். திரும்ப மெழுகியே ஆகணும்."

ரேடியோவை அணைச்சுட்டாங்க.

அக்டோபர் 16, காலை 8.15
மழை: 0. வெப்பம்: 37.

ரெண்டு நாளா தலையால தண்ணி குடிச்சுப் பாத்துட்டேன். ஒவ்வொரு வீடா ரேடியோவுக்குக் கூப்பிட்டுக் கணக்கு சொன்னேன். அழுதாங்க, திட்டினாங்க. ஒரு ஆள் என்னைப் பாவின்னார். நானும் விடல. பிணத்துக்குச் சோறு போட்டுட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுவீங்களான்னு கேட்டேன். ஆமா, அப்படியேதான் கேட்டேன்.

முதல்ல இறங்கி வந்தது குருவம்மா. முப்பது வயசு, புருஷனை இழந்தவ.

"அக்கா, நாலாம் நிலம் எங்க வீட்டுக்காரரோடது. மெழுகிருங்க. பவளத்துக்குத் தை மாசம் கஞ்சி வேணும்க்கா. அவுக கோவிச்சாக் கோவிக்கட்டும், நான் பேசிக்கிறேன்."

பவளம் அவ மக. நாலு வயசு. பின்னால அந்தப் பிள்ளை ரேடியோவை எனக்குத் தா, எனக்குத் தான்னு கத்திட்டு இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா சரின்னாங்க. மத்தியானத்துக்குள்ள பதினொரு வீடும். பன்னிரண்டாவதுக்கு யாரைக் கேக்கணும், நான்தானே. அண்ணாச்சி சொன்னார், அதை விதைச்சதும் எனக்காகத்தானாம்.

அக்டோபர் 18, பகல் 12.50
மழை: 0. வெப்பம்: 38.

காலை ஐந்து மணியில இருந்து ஆமை வேலை. ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரை மெழுகியாச்சு. முளை எல்லாம் மெழுகுக்கு அடியில. ஒவ்வொரு வரப்புலயும் அந்தந்த வீட்டு ஆள் நின்னுட்டு இருந்தாங்க. குருவம்மா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னா. ஆமை முடிக்கிறவரைக்கும் நகரல.

பன்னிரண்டு: முடியல. தெளிப்பு முனை அடைப்பு.

அக்டோபர் 21, காலை 6.30
மழை: 0. வெப்பம்: 38.

பன்னிரண்டு: மெழுகு கெட்டிப்பட்டிருக்கு. வெயில் ஏறட்டும்.

அக்டோபர் 25, காலை 6.30
மழை: 0. வெப்பம்: 37.

பன்னிரண்டு: மின்கலம் 68தான். நாளைக்கு.

அக்டோபர் 29, காலை 6.40
மழை: 0. வெப்பம்: 36. மேகம் உண்டு.

பொதுநிலத்துப் பயிர் முழங்கால் உயரம். நல்லாத் தூர் கட்டியிருக்கு. இப்ப ஒரு மழை, சரியா வந்து சேர்ந்தா கரையேறிடலாம்.

பன்னிரண்டு: நாளைக்கு.

நவம்பர் 2, மாலை 3.15
மழை: 31. ஐம்பது நிமிஷத்துல.

மேட்டுல பதினொரு நிலமும் கண்ணாடி மாதிரி தண்ணியை வழிச்சு விட்டுச்சு. கணக்கு துல்லியம். நான் சொன்னது அத்தனையும் சரி.

எல்லாத் தண்ணியும் கழுத்துக்கு வந்துச்சு. கழுத்துல உழுத மண். கரிசல் வெடிப்பு ஆள் இடுப்பளவு ஆழம், குடிச்சுது குடிச்சுது, குடிச்சு ஊதி, பொதபொதன்னு ஆன கீழ்வரப்பு உடைஞ்சு, மிச்சம் மொத்தமும் ஓடையில போயிருச்சு. மேட்டுல நின்ன ஆமையோட கேமராவுல பாத்துட்டே இருந்தேன். பொதுநிலத்துக்கு ஒரு குடம்கூடப் போகல.

நவம்பர் 3, காலை 5.40

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என் புளுகு பதினஞ்சு நாள் ஓடுச்சு.

முனை அடைக்கல. மெழுகு கெட்டிப்படல. 68 சதவீத மின்கலத்துல ஆமை ஊரையே மெழுகும்.

அக்டோபர் 18 பகல்ல ஆமை பன்னிரண்டாம் நிலத்து வரப்புக்கு வந்தப்ப கேமராவுல என்ன தெரிஞ்சுதுன்னு இப்ப எழுதறேன். கம்பு நல்லா முளைச்சிருந்துச்சு. வரப்போரமா ஒரு வரிசை துவரை. எந்த நிலத்துலயும் அப்படிப் போடல, அதுல மட்டும். வரப்பைச் சும்மா விடாதீங்கடா, ஒரு வரிசை துவரை போடுங்கன்னு தங்கப்பாண்டி ஊர் முழுக்கப் பிராணனை வாங்குவார். அவர் இருந்தப்ப ஒருத்தரும் கேக்கல. செத்தப்புறம் அவர் நிலத்துல போட்டிருக்காங்க.

பட்டன்ல கை வச்சேன். ஒரு மணி நேரம் வச்சுட்டே உக்காந்திருந்தேன். அவர் விழுந்தப்ப நான் இங்க நிலையத்துல சோதனைக்கு எடுத்த மண்ணைச் சலிச்சுட்டு இருந்தேன். ஒரு வாய்த் தண்ணி நான் குடுக்கல. அந்தப் பச்சை மேல எப்படித் தெளிப்பேன்? என்னால முடியல. பதினொரு வீட்டுக்காரங்களை முடியும் முடியும்னு மிரட்டினவ நான்.

நாளைக்கு, நாளைக்குன்னு எழுதினேன். மழை நாளைக்கு வராதுன்னு நினைச்சேன்.

இப்பத் தெளிச்சா என்ன லாபம். இருந்தாலும் உடைஞ்ச வரப்புக்கு நேத்து ராத்திரியே ஆமையை அனுப்பினேன். சேத்துல புதைஞ்சு நிக்குது. மோட்டார் கருகிருச்சு.

நவம்பர் 21, காலை 6.15
மழை: 0. வெப்பம்: 38. ஈரம்: 7.

பொதுநிலத்துல கம்பு பூ எடுக்கிற பருவம். இலை சுருண்டுக்கிட்டு நிக்குது. தினம் வானிலைப் படம் பாக்கறேன். வங்காள விரிகுடா துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு.

டிசம்பர் 8, காலை 7.30
மழை: 0. வெப்பம்: 39. ஈரம்: 3.

பூ கருகிருச்சு. முப்பது ஏக்கர்ல மாட்டுக்குக்கூடத் தேறாது. நிலையத்து ரேஷன்ல பாதியை ஊருக்குன்னு கட்டி வச்சேன். எனக்கு முட்டி வீங்கி நடக்க முடியல, ஊர்ல இருந்து ரெண்டு பேர் நடந்து வந்து வாங்கிட்டுப் போனாங்க. அறுபத்தொரு பேருக்கு அது ஒரு வேளை.

பூவலிங்கம் அண்ணாச்சி:

"வானம் பொய்ச்சிருச்சு, நீங்க என்ன செய்வீக தாயி. நீங்க தலகீழா நின்னு பாத்துட்டீக. மனசப் போட்டு ஒலப்பிக்காதீக. சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டீகளாவாம். சாப்பிட்டேன்னு சொல்லிட்டு அணைச்சுட்டேன்.

டிசம்பர் 10, காலை 9.00

இன்னைக்கு எல்லாரையும் ரேடியோ பக்கம் வரச் சொன்னேன். சொல்லிட்டேன். முனை அடைக்கலன்னு. வானம் பொய்க்கலை, நான்தான் பொய்த்தேன்னு. உங்க பதினொரு பேரையும் மூடச் சொல்லிட்டு என் ஒருத்தரை மூடாம வச்சிருந்தேன்னு.

பூவலிங்கம் அண்ணாச்சி:

"தெரியும் தாயி. ஆமை பன்னண்டாம் நெலத்து வரப்புல வந்து நின்னுட்டுத் திரும்பினத ஊரே பாத்துச்சு. மறுநா நாங்க நாலு பேரு மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனோம், நம்மளே மண்ண மிதிச்சு இறுக்கிருவோம்னு. போயி நின்னோம். தங்கப்பாண்டி தம்பி நெலம். தாயி சொல்லாம நம்ம எப்படிக் கை வைக்கன்னு திரும்பிட்டோம்."

அப்புறம் அவரே:

"நீங்க அன்னைக்கு மூடியிருந்தீகன்னா, இந்த அம்மாவுக்கு நெஞ்சே இல்லன்னுதான் நாங்க பேசியிருப்போம். அதும் நெசந்தான் தாயி."

பேசியிருக்கலாமே! நெஞ்சே இல்லாதவன்னு சொல்லிட்டு வயிறாரச் சாப்பிட்டிருக்கலாமே, பாவிகளா! ரேடியோவுலயே ஓன்னு அழுதேன். அவங்க யாரும் அழல. குருவம்மா குரல் மட்டும் கேக்கவே இல்ல.

டிசம்பர் 27, பகல் 10.20
மழை: 0. வெப்பம்: 37.

பன்னிரண்டாம் நிலம் விளைஞ்சிருச்சு. கீழ்மூலை அரிச்சுட்டுப் போக மிச்சத்துல கம்பு ஆளுயரம். பதினொரு நிலத்துத் தண்ணியைக் குடிச்ச கம்பு விளையாம என்ன செய்யும்.

ஊர்க்காரங்களே அறுத்து, அடிச்சு, தூத்தி, தள்ளுவண்டியில வச்சு ஆறு கிலோமீட்டர் தள்ளிட்டு வந்து என் வாசல்ல இறக்கினாங்க. ஏழு மூட்டை. இறக்கும்போது ஒரு ஆள் மயங்கி விழுந்தார். எழுப்பி உக்கார வச்சோம்.

திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னு காலைப் பிடிக்காத குறையா சொன்னேன். அது தங்கப்பாண்டி தம்பி சோறு, அதை நீங்கதான் திங்கணும், அடுத்தவங்க தின்னா தம்பி பட்டினியா நிப்பாருன்னாங்க. உலக்கைல இடிச்சுக் கஞ்சி காச்சினேன். ஒருத்தரும் டம்ளரைத் தொடல. வெறுந்தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுத் திரும்பி நடந்தாங்க. பதினெட்டுக் கிலோ விதையை ஒளிச்சு விதைச்ச பிடிவாதம் இது, பசிக்குமா பணியும்.

டிசம்பர் 30, மாலை 5.00

குருவம்மா ஒத்தையா நடந்து வந்தா. தூக்குவாளியை நீட்டினா. கஞ்சி ஊத்திக் குடுத்தேன், ரெண்டு கை மாவும் கட்டிக் குடுத்தேன். பவளத்துக்கான்னு கேட்டேன். தலையாட்டினா. செத்தவங்க கோவிச்சா நான் பேசிக்கிறேன்க்கான்னு மட்டும் சொன்னா.

என்னைத் திட்டுடின்னேன். பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்னு வேகமா நடந்தா.

2090 ஜனவரி 1, காலை 8.40

பூவலிங்கம் அண்ணாச்சி:

"தாயி, பவளம் போயிருச்சு. கஞ்சிய வாயில ஊட்டுனாளாம். எறங்கல."

ஜனவரி 11, காலை 5.50
மழை: 0. வெப்பம்: 33. குடிநீர்: 40 லிட்டர்.

பூவலிங்கம் அண்ணாச்சியோட கடைசிப் பேச்சு. ஒரு எழுத்து விடாம எழுதி வைக்கிறேன்.

"கெளம்பிட்டோம் தாயி. கடற்கரை முகாமுக்கு நாலு நா நடை. ஐம்பத்துநாலு பேரு. ரேடியோ கனம், இங்கயே வச்சுட்டுப் போறோம். நீங்களும் வந்திருக்கலாம். முட்டி முடியலேன்னா வண்டியில வச்சுத் தள்ளிருப்போம், கேக்க மாட்டேங்கிறீக. ஒரே ஒரு உதவி தாயி. இந்த மார்கழிக்குள்ள ஏழு பேரு போயிட்டாக. அவுக நெலம் தரிசாக் கெடக்கப் போகுது. எங்க கையில ஒரு மணி வெத கெடையாது. ஒங்ககிட்ட இருக்கு. ஏழு பேருக்கும் ஒரு ஒரு கை தூவிருங்க தாயி. மழைய நெனக்காதீக. தூவுறதுதான் நம்ம கடமை."

சரின்னேன். நான் போகாததுக்கு முட்டி காரணம் இல்ல. நாலு நாள் குருவம்மா முகத்தைப் பாத்துக்கிட்டே போக எனக்குத் தைரியம் கிடையாது.

ஜனவரி 16
குடிநீர்: 9 லிட்டர்.

ஊருக்குப் போய்ச் சேர ஒரு நாள், திரும்ப ஒரு நாள், நடுவுல விதைப்பு. குச்சி ஊணித்தான் நடந்தேன். வீடெல்லாம் கூட்டி, கதவைச் சாத்திட்டுப் போயிருக்காங்க.

ஒவ்வொரு நிலத்துலயும் பேரைச் சொல்லித் தூவினேன். மாடத்தி. பெரிய கருப்பன். அவர் தம்பி வேம்பன். சீனித்தாய். சுந்தரவேல். ராக்கு. எப்படித் தூவணும்னு தெரியல, தங்கப்பாண்டி வீசற மாதிரி வீசினேன். காஞ்ச புழுதி. ஆடி வரைக்கும் மழை இல்லைன்னு படம் சொல்லுது.

ஆறுதான் ஆச்சு. ஏழாவது பவளம். நாலு வயசுப் பிள்ளை பேர்ல எங்க நிலம் இருக்கு? அவ அப்பாவோட நாலாம் நிலத்துல தூவலாம்னு போனேன். குச்சியால குத்தினேன், கல்லால இடிச்சேன். மெழுகு உடையல. அவ்வளவு நல்லா மெழுகி வச்சிருக்கேன்.

திரும்பி வந்து நிலையத்து வாசல்ல ஒரு முறம் அகலத்துக்கு மண்ணைக் கொத்தினேன். பவளம்னு சொல்லி ஒரு கை தூவினேன். குடிக்கிற தண்ணியில ஒரு செம்பு ஊத்தினேன். சாயந்தரமும் ஒரு செம்பு.

கம்பு முளைக்க மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் தண்ணி இருக்கு.